செஸ்டர்டனைப் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டனின் பெயரைக் கேள்விப்பட்டு, சரி, ஒரு புத்தகம் படித்துப் பார்ப்போமே என்று தேடப் போகிறவர்கள் பட்டியலைப் பார்த்ததுமே மலைத்துப்போவார்கள். ஏறக்குறைய எண்பது புத்தகங்கள். கட்டுரைகள் மட்டும் நாலாயிரம் தேறும் என்பார்கள். நாவல், துப்பறியும் கதை, கவிதை, நாடகம், இலக்கிய விமரிசனம், புனிதர் வரலாறு, அரசியல், இறையியல் என்று அவர் கைவைக்காத துறை குறைவு. 1874இல் லண்டனில் பிறந்தவர், 1936இல் இறந்தார். 62 வயதுக்குள் இவ்வளவையும் எழுதியிருக்கிறார்.

புதிதாக வருகிறவரின் கையில் முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் 'ஆர்த்தடாக்ஸி'. கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றி அவர் எழுதியவற்றில் அதிகம் பேசப்படுவது அது. அருமையான புத்தகம்தான். ஆனால் அங்கே தொடங்கவேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அதில் வாதங்கள் படுவேகமாக வந்து விழும். அவருடைய நடை பழகாதவருக்கு அது சொல்ஜாலமாகத் தோன்றிவிடும். "கெட்டிக்காரத்தனமாக எழுதுகிறார், ஆனால் என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை" என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே மூடி வைத்தவர்கள் நிறையப் பேர்.

செஸ்டர்டன் அடிப்படையில் ஒரு பத்திரிகைக்காரர். தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் 1905 முதல் இறக்கும்வரை வாராவாரம் பத்தி எழுதினார். 1914 கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களைப் போன்ற இடைவெளிகள் கொஞ்சம்தான். அவருடைய சிந்தனை ஓடுவதே நாலு பக்க அளவில்தான். கண்ணில் பட்ட ஒரு சாதாரணப் பொருளை எடுப்பார், அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கடைசிப் பத்தியில் அது உலகத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். பெரிய புத்தகங்களிலும் இதையேதான் நீளமாகச் செய்கிறார். ஆகவே நாலு பக்கச் செஸ்டர்டனை முதலில் பழகிக்கொள்ளுங்கள். முந்நூறு பக்கச் செஸ்டர்டன் அப்புறம் தானாகக் கைக்கு வருவார்.

முதலில் மூன்று கட்டுரைகள்

'ட்ரெமெண்டஸ் ட்ரைஃபிள்ஸ்' என்று 1909இல் வந்த ஒரு தொகுப்பு. 'டெய்லி நியூஸ்' நாளிதழில் எழுதியவற்றைச் சேர்த்தது. அதில் 'எ பீஸ் ஆஃப் சாக்' என்ற கட்டுரையை எடுங்கள். பத்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

விடுமுறைக் காலம், காலை நேரம். படம் வரையக் கிளம்பும் செஸ்டர்டன் சமையலறைக்குப் போய் அங்கிருக்கும் மூதாட்டியிடம் பிரவுன் பேப்பர் கேட்கிறார். பொட்டலம் கட்டத்தான் கேட்கிறார் என்று அந்த அம்மாள் நினைக்கிறார். வரைவதற்கு என்று தெரிந்ததும் நல்ல வெள்ளைத் தாளை எடுத்து நீட்டுகிறார். பிரவுன் நிறம்தான் வேண்டும் என்பதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அப்புறம் வண்ணச் சாக்பீஸ்களைப் பையில் போட்டுக்கொண்டு சசெக்ஸ் குன்றுகளில் ஏறுகிறார். வரைய உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, வெள்ளைச் சாக்பீஸை எடுத்து வரவில்லை. பிரவுன் தாளில் வரைகிறவருக்கு வெள்ளை இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இங்கேதான் கட்டுரை திரும்புகிறது. வெள்ளை என்பது நிறமின்மை இல்லை, அதுவும் ஒரு நிறம், சுடர்விடும் நிறம் என்கிறார். அங்கிருந்து ஒரே தாவலில் அறத்துக்குப் போகிறார். நற்குணம் என்றால் கெட்டது செய்யாமல் இருப்பது மட்டும் இல்லை. இரக்கம் என்றால் கொடுமை செய்யாமல் இருப்பது இல்லை, அது சூரியனைப்போல் தனியாகக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. இதைச் சொல்லிவிட்டு மறுபடி சாக்பீஸுக்கு வருகிறார். பக்கத்து ஊரில் ஓவியச் சாமான் கிடைக்காது, என்ன செய்வது என்று திகைத்தவர் திடீரென்று சிரிக்கத் தொடங்குகிறார். அவர் உட்கார்ந்திருக்கும் குன்று முழுவதுமே வெள்ளைச் சுண்ணப் பாறை. கீழே குனிந்து ஒரு துண்டை உடைத்து எடுத்துக்கொண்டால் போதும்.

செஸ்டர்டனிடம் உள்ள எல்லாமே இந்தச் சின்னக் கட்டுரையில் இருக்கின்றன. காலடியில் கிடக்கும் பொருளைப் பார்த்து வியப்பது, எதிர்மறையாகச் சொல்லிப் பழகிய ஒன்றை நேர்மறையாகத் திருப்புவது, பெரிய விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வது. இது பிடித்திருந்தால் மேலே போகலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது 'தி ட்வெல்வ் மென்', இதுவும் அதே தொகுப்பில்தான். ஜூரியாக உட்கார அழைக்கப்பட்டபோது நீதிமன்றத்தில் பார்த்ததைப் பற்றியது. நீதிபதி, வக்கீல், போலீஸ்காரர் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் பழகிப்போய்விட்டார்கள் என்கிறார். கூண்டில் நிற்கும் மனிதர் அவர்கள் கண்ணுக்கு வழக்கமான இடத்தில் நிற்கும் வழக்கமான ஆள். ஆகையால் பழகாத பன்னிரண்டு சாதாரண ஆட்களைத் தெருவிலிருந்து கூட்டிவருவது புத்திசாலித்தனம் என்று வாதிடுகிறார். கடைசி வரியில் அந்தப் பன்னிரண்டு என்ற எண்ணை எங்கே கொண்டுபோய் முடிக்கிறார் என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 1908இல் வந்த 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' தொகுப்பில் உள்ள 'ஆன் ரன்னிங் ஆஃப்டர் ஒன்ஸ் ஹேட்'. காற்றில் பறந்த தொப்பியைத் துரத்துவது, திறக்க மாட்டேன் என்கிற மேசை இழுப்பறை, ரயில் நிலையத்தில் காத்திருப்பது இவைதான் விஷயம். இழுப்பறையோடு தினமும் மல்லுக்கட்டி எரிச்சல்படும் நண்பருக்கு ஒரு யோசனை சொல்கிறார்: ஏதோ பலசாலியான எதிரியோடு இழுபறி நடத்துவதாகவோ, கடலில் இருந்து படகை இழுப்பதாகவோ நினைத்துக்கொள்ளுங்களேன் என்று. தொந்தரவு என்பதும் சாகசம் என்பதும் ஒரே சம்பவத்தை நாம் பார்க்கிற இரண்டு விதங்கள்தான் என்பது அவருடைய கட்சி.

படிக்கும் முறை பற்றி இரண்டு விஷயங்கள். ஒரே மூச்சில் ஒரு தொகுப்பு முழுவதையும் படிக்கவேண்டாம். வாரத்துக்கு ஒன்றாக எழுதப்பட்டவை அவை. ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ போதும், அதற்குமேல் போனால் அவருடைய தலைகீழ் வாக்கியங்கள் அலுக்க ஆரம்பித்துவிடும். இன்னொன்று, முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். அவர் பிற்காலத்தில் பெரும்பாலும் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதிக்கொண்டார்கள். வாக்கியத்தின் முதல் பாதி ஒரு தாளத்தில் ஏறும், இரண்டாம் பாதி அதே தாளத்தில் இறங்கும். கண்ணால் மட்டும் படிக்கும்போது சிக்கலாகத் தெரிகிற இடம் வாயால் சொல்லும்போது பிரிந்துவிடும்.

மேற்கோள்களை நம்பிப் போகாதீர்கள்

இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். வாட்ஸப்பிலும் மற்ற இடங்களிலும் செஸ்டர்டன் பெயரில் ஒற்றை வரிகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. "கடவுளை நம்புவதை விட்டவன் எதையும் நம்புவான்" என்ற பொருளில் வரும் புகழ்பெற்ற வரி அந்த வடிவத்தில் அவருடைய எழுத்தில் எங்கும் இல்லை. தேவதைக் கதைகள் நமக்குச் சொல்வது டிராகன்கள் உண்டு என்பதை அல்ல, அவற்றை வெல்லமுடியும் என்பதைத்தான் என்று சுற்றும் வாசகமும் பிறர் சுருக்கிச் சொன்னது. அவர் எழுதியது வேறு மாதிரி, இன்னும் நன்றாக இருக்கும். 'ட்ரெமெண்டஸ் ட்ரைஃபிள்ஸ்' தொகுப்பிலேயே 'தி ரெட் ஏஞ்சல்' என்ற கட்டுரையில் அதைப் படிக்கலாம்.

அவரே எழுதிய வரிகள்கூடத் தனியாகப் பிய்த்தால் வேறு பொருள் தந்துவிடும். செய்யத் தகுந்த காரியம் என்றால் அதை மோசமாகச் செய்தாலும் தகும் என்று ஓரிடத்தில் சொல்கிறார். தனியாகப் பார்த்தால் சோம்பேறிக்குச் சாதகமான பேச்சுபோல இருக்கும். ஆனால் அது வரும் இடத்தில், குழந்தை வளர்ப்பு போன்ற முக்கியமான காரியங்களை நிபுணர்களிடம் விட்டுவிடக் கூடாது, சாதாரண மனிதர்கள்தான் தங்களுக்குத் தெரிந்த அளவில் செய்யவேண்டும் என்று வாதாடிக்கொண்டிருக்கிறார். தலைகீழாக ஒரு வரி வந்தால் அங்கே நின்று ரசித்துக்கொண்டிருக்காமல், எந்தப் பழகிய எண்ணத்தை இவர் கவிழ்க்கிறார் என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். விளக்கம் அங்கே இருக்கும்.

அடுத்து ஃபாதர் பிரவுன்

கட்டுரைகள் பழகியதும் 'தி இன்னசென்ஸ் ஆஃப் ஃபாதர் பிரவுன்' (1911). பன்னிரண்டு கதைகள். குட்டையான உருவம், உருண்டை முகம், கையில் ஒரு பெரிய குடை. பார்த்தால் அப்பாவியாகத் தெரியும் ஒரு கத்தோலிக்கப் பங்குக் குருதான் இங்கே துப்பறிகிறவர். மொத்தம் ஐந்து தொகுப்புகள், ஐம்பதுக்கு மேற்பட்ட கதைகள். ஆனால் முதல் தொகுப்புதான் எல்லாவற்றிலும் உச்சம் என்பது என் கருத்து. பலருடைய கருத்தும் அதுதான்.

இந்தத் தொகுப்பை வரிசைப்படி படியுங்கள். கட்டுரைகளை எப்படி வேண்டுமானாலும் புரட்டலாம், இதை அப்படிச் செய்யக் கூடாது. முதல் கதை 'தி ப்ளூ கிராஸ்'. அதில் வரும் பிரெஞ்சுத் திருடன் ஃப்ளாம்போ அடுத்தடுத்த கதைகளில் எப்படி மாறுகிறான் என்பது தொகுப்பின் உள்ளோட்டம். இரண்டாவது கதையை முதலில் படித்துவிட்டால் முதல் கதையின் சுவையும் இரண்டாவதின் அதிர்ச்சியும் சேர்ந்து போய்விடும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 'தி க்வியர் ஃபீட்' என்ற கதையில், பணக்காரர்களின் சங்கம் ஒன்று ஆடம்பர ஹோட்டலில் இரவு விருந்து நடத்துகிறது. மாடியில் ஒரு பணியாளர் சாகக் கிடக்கிறார். அவருக்காக வந்த ஃபாதர் பிரவுன், வராந்தாவை ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். வெளியே காலடிச் சத்தம். முதலில் விரல் நுனியில் ஓடுவதுபோல் வேகமான நடை, பிறகு அதே பூட்ஸ் நிதானமாக, கனமாக. மறுபடி வேகம், மறுபடி நிதானம். ஒரே ஆள் எதற்காக இரண்டு விதமாக நடக்கவேண்டும்? கதவைத் திறந்துகூடப் பார்க்காமல், அந்தச் சத்தத்தை வைத்து மட்டும் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். விடையை நான் சொல்லமாட்டேன். கனவானும் பரிமாறுகிறவரும் ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. செஸ்டர்டனின் சமூகக் கோபம் ஒரு துப்பறியும் கதைக்குள் இப்படி உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போது படித்தாலும் ஆச்சரியம்தான்.

ஃபாதர் பிரவுனுக்கு நிஜத்தில் ஒரு மூலவர் உண்டு. ஜான் ஓ'கானர் என்ற ஐரிஷ் குரு, யார்க்‌ஷயரில் பணி செய்தவர். ஒருநாள் பேசிக்கொண்டே நடக்கும்போது குற்றங்களையும் மனித இழிவுகளையும் பற்றிச் செஸ்டர்டன் ஏதோ சொல்ல, குரு தன் பணியில் தெரிந்துகொண்டதை வைத்து அவரைத் திருத்தினார். செஸ்டர்டன் ஆடிப்போனார். இப்படியெல்லாம் உலகத்தில் உண்டு என்றே அவருக்குத் தெரியாது. பிறகு அவர்கள் தங்கிய வீட்டில் இருந்த இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள், குரு அறையைவிட்டு வெளியே போனதும், "நல்ல மனிதர்தான், ஆனால் மடத்துக்குள்ளேயே இருப்பவருக்கு உலகத்தின் தீமை என்ன தெரியும்" என்ற தோரணையில் பேசினார்கள். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஃபாதர் பிரவுன் பிறந்தது அந்தச் சிரிப்பில்தான். இந்தக் குரு பாவம் செய்தவனின் மனசுக்குள் போய் உட்கார்ந்து பார்த்துத்தான் குற்றத்தைக் கண்டுபிடிப்பார். பிடித்தபின் தண்டனை வாங்கிக் கொடுப்பதைவிட ஆளை மனம் திருப்புவதில்தான் அவருக்கு அக்கறை.

பிபிசியில் 2013இல் தொடங்கிய ஃபாதர் பிரவுன் தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 1950களில் ஓர் ஆங்கிலக் கிராமத்தில் நடக்கும் கதைகளாகப் பெரும்பாலும் புதிதாக எழுதப்பட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறக்காதீர்கள்.

எப்போது கத்தோலிக்கர் ஆனார்?

இங்கே ஒரு கால வரிசை தெரிந்திருப்பது உதவும். செஸ்டர்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தது 1922 ஜூலை 30 அன்று, 48ஆவது வயதில். அவர் வாழ்ந்த பீக்கன்ஸ்ஃபீல்டில் அப்போது கத்தோலிக்கக் கோயில் கிடையாது. ரயில்வே ஹோட்டலுக்குச் சொந்தமான தகரக் கூரைக் கூடத்தில்தான் சடங்கு நடந்தது. சேர்த்துவைத்தவர் ஓ'கானர். மனைவி ஃப்ரான்சஸ் நாலு வருடம் கழித்து, 1926இல் சேர்ந்தார்.

அப்படியென்றால் கத்தோலிக்கத் துப்பறிவாளரான ஃபாதர் பிரவுன் முதலில் அச்சேறிய 1910இல் அவரைப் படைத்தவர் கத்தோலிக்கர் இல்லை. 1908இல் வந்த 'ஆர்த்தடாக்ஸி'யும் கத்தோலிக்க நூல் என்று எழுதப்பட்டதல்ல, கிறிஸ்தவர்களுக்குப் பொதுவான விசுவாசப் பிரமாணத்துக்கான வாதம் அது. கத்தோலிக்கராக எழுதிய பெரிய நூல்கள் 'செயிண்ட் ஃபிரான்சிஸ் ஆஃப் அசிசி' (1923), 'தி எவர்லாஸ்டிங் மேன்' (1925), 'செயிண்ட் தாமஸ் அக்வினாஸ்' (1933) ஆகியவை. கத்தோலிக்கச் செஸ்டர்டனைத் தேடி வருகிறவர்கள் இந்த மூன்றையும் கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்கி வையுங்கள். கத்தோலிக்கத்தில் ஆர்வம் இல்லாதவர்கள் 1922க்கு முந்தையதிலேயே வருடக்கணக்கில் திளைக்கலாம்.

ஒரே ஒரு நாவல்

நாவல்களில் 'தி மேன் ஹூ வாஸ் தர்ஸ்டே' (1908) ஒன்றை முதலில் எடுங்கள். லண்டனின் புறநகர் ஒன்றில் இரண்டு கவிஞர்கள் சண்டை போடுகிறார்கள். ஒருவர் அராஜகத்தைப் பாடுகிறவர், இன்னொருவர் ஒழுங்கைப் பாடுகிறவர். குழப்பத்தில் என்ன கவிதை இருக்கிறது, ரயில் சொன்ன ஸ்டேஷனில் சரியாகப் போய் நிற்பதுதான் கவிதை என்கிறார் இரண்டாமவர். அவர் பெயர் ஸைம். போலீஸ் உளவாளி. அராஜகவாதிகளின் மையக் குழுவுக்குள் அவர் நுழைந்துவிடுகிறார். அதில் ஏழு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு கிழமையின் பெயர். தலைவர் ஞாயிறு.

பாதிவரை படபடவென்று ஓடும் உளவுக் கதை. அப்புறம் தரை நழுவத் தொடங்கும். கடைசி அத்தியாயங்கள் கனவு மாதிரிதான் இருக்கும், "இதற்கு என்ன அர்த்தம்" என்று கேட்கத் தோன்றும். படிக்கும்முன் தலைப்புப் பக்கத்தில் உள்ள துணைத்தலைப்பைப் பாருங்கள். 'ஒரு கொடுங்கனவு' என்று அவரே போட்டிருக்கிறார். அதை யாரும் கவனிக்காமல் ஞாயிறுதான் கடவுள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள் என்று இறப்பதற்குச் சற்று முன்புகூட எழுதினார். தன் இளமையில் உலகமே இருட்டாகத் தெரிந்த காலத்தை அவர் இதில் எழுதியிருக்கிறார். முடிவு விளங்கவில்லை என்றால் கவலைப்படவேண்டாம். பைபிளில் உள்ள யோபு நூலைப் படித்துவிட்டுத் திரும்பினால் ஓரளவு திறக்கும்.

'தி நெப்போலியன் ஆஃப் நாட்டிங் ஹில்' (1904) இரண்டாவது நாவலாக இருக்கட்டும். எதிர்கால லண்டனில், 1984ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதியது. தன் சின்னப் பேட்டைக்காக வாளெடுக்கும் ஓர் இளைஞனின் கதை. 'தி ஃப்ளையிங் இன்', 'தி பால் அண்ட் தி கிராஸ்' எல்லாம் செஸ்டர்டன் பித்துப் பிடித்தபிறகு படிக்கவேண்டியவை. அவருடைய நாவல்களில் பாத்திரங்கள் கருத்துகளின் குரலாகத்தான் பேசுவார்கள். ரத்தமும் சதையுமான மனிதர்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இப்போது 'ஆர்த்தடாக்ஸி'

இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் 'ஆர்த்தடாக்ஸி' உங்களை மிரட்டாது. 1905இல் வந்த 'ஹெரெடிக்ஸ்' நூலில் அந்தக்கால எழுத்தாளர்களின் தத்துவங்களை வரிசையாகத் தாக்கியிருந்தார். ஜி. எஸ். ஸ்ட்ரீட் என்ற விமரிசகர், முதலில் இவர் தன் தத்துவத்தைச் சொல்லட்டும், பிறகு என் தத்துவத்தைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்கிற மாதிரி எழுத, அதற்குப் பதிலாக வந்ததுதான் இது.

ஒன்பது அத்தியாயங்கள். நான் சொல்லும் வழி: நான்காவது அத்தியாயமான 'தி எதிக்ஸ் ஆஃப் எல்ஃப்லேண்ட்'டை முதலில் படியுங்கள். தாதியிடம் கேட்ட தேவதைக் கதைகளில் இருந்துதான் தன் தத்துவம் முழுவதையும் கற்றதாகச் சொல்லும் அத்தியாயம். மரபு என்பது இறந்துபோனவர்களுக்கும் ஓட்டுரிமை கொடுப்பது என்ற அவருடைய வாதம் இங்கேதான் வருகிறது. சூரியன் தினமும் உதிப்பது இயந்திரத்தனத்தால் அல்ல, அலுப்பே இல்லாததால் இருக்கலாம் என்ற பகுதியும் இங்கேதான். ஒரு விளையாட்டு பிடித்துவிட்டால் குழந்தை "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று பெரியவர்களின் உயிரை எடுக்குமே, அந்தத் தெம்பு கடவுளுக்கு இருக்கலாம் என்கிறார். சாக்பீஸ் கட்டுரையைப் படித்தவருக்கு இந்தக் குரல் உடனே அடையாளம் தெரியும். அதன்பின் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிக் கடைசிவரை போங்கள். நடுவில் வரும் பழைய பெயர்கள் சில தெரியாமல் இருக்கும். நின்று தேடவேண்டாம், அவர் தாக்குவது ஆளை அல்ல, எண்ணத்தை. எண்ணம் இன்றைக்கும் நம்மிடையே உலவிக்கொண்டிருக்கும்.

'ஹெரெடிக்ஸ்' முழுவதையும் படிக்கவேண்டிய அவசியம் இல்லை. ஷா, வெல்ஸ், கிப்ளிங் பற்றிய அத்தியாயங்கள், அப்புறம் குடும்பம் பற்றிய அத்தியாயம். சின்ன ஊரில் வாழ்கிறவன்தான் பெரிய உலகத்தில் வாழ்கிறான், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரரை அவன் தேர்ந்தெடுக்க முடியாது என்று அதில் சொல்வதை நம் ஊர்த் தெருக்களில் வளர்ந்தவர்கள் சட்டென்று ஒப்புக்கொள்வார்கள்.

காந்தி படித்த ஒரு பத்தி

நமக்கு நேராகச் சம்பந்தமுள்ள ஒன்று. 1909 செப்டம்பரில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்தியில் செஸ்டர்டன் இந்தியத் தேசியவாதத்தைப் பற்றி எழுதினார். இந்தத் தேசியம் அவ்வளவாக இந்தியத்தன்மையோடும் இல்லை, அவ்வளவாகத் தேசியமாகவும் இல்லை என்பது அவர் குறை. ஐரோப்பிய அமைப்புகளையே கேட்கிறவரைவிட, எங்கள் பழைய வாழ்க்கையைக் குறைகளோடு எங்களிடமே விடுங்கள் என்று கேட்கிற இந்தியரை மதிப்பேன் என்றார். அப்போது லண்டனில் இருந்த காந்தி அதைப் படித்து மிகவும் கவரப்பட்டார். குஜராத்தியில் எடுத்தெழுதித் தன் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழுக்கு அனுப்பினார். (தொடக்க ஆண்டுகளில் தமிழிலும் வந்த இதழ் அது.) அதே நவம்பரில் தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் 'ஹிந்த் ஸ்வராஜ்' (இந்திய சுயராஜ்யம்) நூலை எழுதினார். பத்தியையும் காந்தியின் நூலையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். இரண்டும் பேசிக்கொள்வது கேட்கும்.

தெரிந்தே படிக்கவேண்டியவை

செஸ்டர்டனை நேசிக்கிறவர்கள் மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. யூதர்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் சில மன்னிக்க முடியாதவை. 'தி நியூ ஜெருசலேம்' (1920) நூலின் கடைசிப் பகுதி அதற்குச் சாட்சி. அவருக்குப் புனிதர் பட்டம் கேட்டு முயற்சிகள் நடந்தபோது, நார்த்தாம்ப்டன் ஆயர் 2019இல் அந்த வழக்கைத் தொடங்க மறுத்தார். சொன்ன காரணங்களில் இந்த யூத வெறுப்பும் ஒன்று. பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற அவருடைய வாதம் 'வாட்ஸ் ராங் வித் தி வேர்ல்ட்' (1910) நூலில் பல பக்கங்களுக்கு வருகிறது. ஃபாதர் பிரவுன் முதல் தொகுப்பிலேயே 'தி ராங் ஷேப்' என்ற கதையில் ஓர் இந்தியரும் கீழைக் கலைப்பொருள்களும் காட்டப்படும் விதம் நமக்கு முகம் சுளிக்கவைக்கும். இரண்டாம் தொகுப்பில் 'தி காட் ஆஃப் தி காங்ஸ்' கறுப்பினத்தவரைப் பற்றிப் பேசும் பேச்சு அதைவிட மோசம். அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால், காலத்தின் போக்கை எதிர்த்து நிற்கத் தெரிந்தவர் அவர்.

அதற்கு அத்தாட்சி 'யூஜெனிக்ஸ் அண்ட் அதர் ஈவில்ஸ்' (1922). யார் பிள்ளை பெறலாம், யார் பெறக் கூடாது என்று அரசு முடிவு செய்யலாம் என்பதைப் படித்த வர்க்கம் முற்போக்காக நினைத்த காலத்தில், அதை எதிர்த்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 'வாட்ஸ் ராங் வித் தி வேர்ல்ட்' நூலையும் வாக்குரிமைப் பகுதிக்காக முழுவதுமாக ஒதுக்கிவிடாதீர்கள். அதன் கடைசி அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். பேன் வருகிறது என்று ஏழைச் சிறுமிகளின் முடியை வெட்டச் சொன்ன உத்தரவில் இருந்து தொடங்கி, அந்தச் சிறுமியின் முடியைக் காப்பதற்காக வீட்டுச் சொந்தக்காரர், நிலம், சமூகம் எல்லாம் மாறவேண்டும் என்று ஏறிக்கொண்டே போகும் அந்த முடிவைப் போல் ஆங்கிலத்தில் நான் அதிகம் படித்ததில்லை.

புனிதர்களும் மற்றவர்களும்

அசிசி பிரான்சிஸ் நூல் சின்னது, இரண்டு மூன்று நாளில் முடியும். பிறந்த தேதி, சம்பவ வரிசை எல்லாம் வேண்டும் என்றால் வேறு நூலுக்குப் போகவேண்டும். பிரான்சிஸ் உலகத்தை எப்படிப் பார்த்தார் என்பதுதான் இதில் உள்ளது. ஒருவன் தலைகீழாக நின்று தன் ஊரைப் பார்த்தால், கனத்த கோட்டைச் சுவர்களும் கோபுரங்களும் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரியும். ஊர் விழாமல் இருப்பதற்கே அவன் நன்றி சொல்லத் தொடங்குவான் என்று ஓர் இடம் வருகிறது. பிரான்சிஸின் வறுமையும் பாட்டும் அந்தப் பார்வையில் இருந்து எப்படி வந்தன என்று காட்டுகிறார்.

இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் பற்றிய நூல் அதற்குப் பிறகு. தத்துவ அறிஞர் எத்தியேன் ஜில்சன் வாழ்நாளெல்லாம் தாமசைப் படித்தவர், அவரே அதை வியந்து பாராட்டினார். குருமட மாணவர்கள் வேண்டுமானால் இதை முன்னால் கொண்டுவரலாம்.

'தி எவர்லாஸ்டிங் மேன்' கடைசியில். எச். ஜி. வெல்ஸின் உலக வரலாற்றுக்கு மறுமொழியாக எழுதியது, எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் கிறிஸ்தவத்துக்குத் திரும்பியதில் பெரிய பங்கு வகித்தது. குகை ஓவியத்தில் தொடங்குகிறது. குகைச் சுவரில் மான் வரைந்தவன் மனிதன்தான், எந்தக் குரங்கும் பாதி வரைந்துவிட்டு விட்டதாகத் தடயம் இல்லை என்பதை அவர் சொல்லும் விதத்துக்காகவே முதல் அத்தியாயத்தைப் படிக்கலாம். நடுவில் புராணங்களைப் பற்றிய அத்தியாயங்கள் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கியத்தில் ஆர்வம் இருந்தால் 'சார்லஸ் டிக்கன்ஸ்' (1906). டிக்கன்ஸ் படித்தவர்கள் அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வரிசை தேவையில்லை. கவிதையில் 'தி டாங்கி' பதினாறே வரி, குருத்து ஞாயிறன்று இயேசுவைச் சுமந்த கழுதை பேசுவது. 1571 கடற்போரைப் பாடும் 'லெபாண்டோ'வை உரக்கப் படிக்காமல் படித்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

செலவில்லாமலே முடியும். 1936இல் இறந்தவர் என்பதால் இந்தியாவில் அவருடைய எழுத்துகளின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ப்ராஜக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் படித்த ஒலிநூல்கள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது ஃபாதர் பிரவுன் கேட்க அது தோதானது. அச்சில் வேண்டும் என்றால் ஃபாதர் பிரவுன் முழுத் தொகுப்பு ஒன்றை மட்டும் முதலில் வாங்குங்கள், மலிவுப் பதிப்பே போதும். இக்னேஷியஸ் பிரஸ் வெளியிடும் தொகை நூல்கள் நிறையத் தொகுதிகளாக வருகின்றன, விலையும் அதிகம். அதை இப்போது நினைக்கவேண்டாம். நூலகத்தில் கிடைத்தால் அதில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திகள் தேதிவாரியாக இருக்கும் தொகுதிகளைத் தேடுங்கள். ஏதாவது ஒரு வருடத்தை எடுத்து, நீங்கள் படிக்கும் இந்த வாரத்துக்கு நேரான வாரத்தில் அவர் எதைப் பற்றி எழுதினார் என்று பாருங்கள். வாரம் ஒன்றாகப் படித்தால் வருடக்கணக்கில் வரும்.